அமாவாசைக்கு மறுநாள் கோசாலை மாடுகள் தீனி எடுப்பதில்லை, என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
எங்கள் ஊர் சிவன் கோயில் கோசாலையில் 11 மாடுகள், 2 கன்றுகள். நாங்கள் நாலு பேர் முறை வைத்துச் சாணி அள்ளி, கழுவிவிட்டு, வைக்கோல் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். அமாவாசை வந்தால் பயமாக இருக்கிறது. அகத்திக்கீரை, வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், வெல்லம் கலந்த பச்சரிசி என்று ராத்திரி வரை யாராவது ஊட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மறுநாள் இரண்டு மூன்று மாடுகள் அசை போடாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். போன மாதம் ஒரு செவலைப் பசு படுத்தேவிட்டது. பக்தியோடு வருபவர்களிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மாட்டுக்காரர்:
தம்பி, காரணம் அந்த அரிசியும் பொங்கலும்தான். மாட்டின் முதல் வயிறு நார்த்தீனியை மெதுவாகப் புளிக்கவைத்துச் செரிக்கிற இடம், அதில் சோறும் வெல்லமும் ஒரேயடியாக இறங்கினால் வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடும், அசை நின்றுபோகும், உடம்பில் நீர் வற்றும், மீறினால் உயிரே போகும். ஆப்பசோடா கரைத்துக் கொடுப்பார்கள், ஆனால் அளவை டாக்டர் சொல்லட்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு நீங்களாக வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். இடது பக்க வயிறு உப்பி மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 1962க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

துளசிமாடம்:
எங்கள் கோயிலிலும் இதே பாடுதான். வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை, வாசலில் பெரிய கூடை வைத்தோம். கொண்டுவருவதைக் கோமாதாவிடம் காட்டி, தொட்டுக் கும்பிட்டுவிட்டு கூடையில் போடச் சொல்கிறோம், கையால் ஊட்ட ஒரு பிடி அகத்தி நாங்களே தருகிறோம். பொங்கல் பிரசாதமாக மனிதர்களுக்கே போய்விடும். மிச்சக் கீரையை நார், ரப்பர் பேண்டு, பாலிதீன் கவர் எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாளைக்குப் பிரித்துப் போடுவோம். அன்று விடியற்காலையிலேயே வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிட வேண்டும், இதை மறக்காதீர்கள். முதல் மாதம் சிலர் கோபித்துக்கொண்டார்கள், படுத்த பசுவைப் பற்றிச் சொன்னதும் ஒரு அம்மா அழுதேவிட்டார். இப்போது அவரே மாதம் ஒரு வைக்கோல் கட்டு வாங்கித் தருகிறார்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கூடை யோசனையை நாளைக்கே குருக்களிடம் பேசுகிறேன், அவர் வாயால் சொன்னால் ஊர் கேட்கும். செவலை இப்போது எழுந்துவிட்டது, வைக்கோல் மட்டும் கடிக்கிறது.

மாட்டுக்காரர்:
நல்லது. தொட்டியில் தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். பச்சை அரிசியும் வெல்லமும் அதன் கண்ணில்கூடப் படவேண்டாம்.