மறு: ஏர்பிரேக்குக்குக் 'காற்றுத்தடை' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மாதிரிக் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் மிதக்கும், ரேடியோவால் இயக்கும் சிறு விமானம்) கட்டுவதற்கான கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதைத் தரையிறக்க உதவும் ஏர்பிரேக்குக்குக் 'காற்றுத்தடை' என்று இந்த இழையில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி இயற்பியலில் காற்றுத்தடை என்றால் நகரும் பொருளுக்குக் காற்று கொடுக்கும் எதிர்ப்பு. கிளைடர் கட்டுகிறவருக்கு அது ஜென்ம விரோதி. இறக்கையை உட்கார்ந்து மணல்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பதே அதைக் குறைக்கத்தான். "காற்றுத்தடை குறையும்படி மேற்பரப்பை வழவழப்பாக்கவும். அடுத்து, காற்றுத்தடையை ஒட்டவும்" என்று ஒரு கையேட்டில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

'காற்றுத்தடுப்பான்' என்று ஐயா ஒருவர் திருத்திச் சொன்னார். குழப்பம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் அதே சொல்லைத் தரையிறக்க உதவும் இன்னொரு உறுப்பான ஸ்பாய்லருக்கும் வைத்துக்கொள்ளலாம், இரண்டும் வேகத்தைக் குறைக்கத்தானே என்று சேர்த்துச் சொன்னதில்தான் எனக்குச் சண்டை. பறக்கவிடுபவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். கட்டுகிறவருக்கு அவை வேறு வேறு வேலை.

நாம் பேசுவது பெரிய மாதிரிகளைப் பற்றி. ஏஎஸ்கே 21 என்ற இருவர் அமரும் பயிற்சிக் கிளைடரின் இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். அதை நான்கில் ஒரு பங்காகக் கட்டினால் 4.25 மீட்டர், மூன்றில் ஒரு பங்காகக் கட்டினால் ஏறக்குறைய 5.67 மீட்டர். இப்படி நீண்ட, ஒல்லியான இறக்கை கொண்டது எளிதில் தரைக்கு வராது. ஒரு மீட்டர் இறங்க 20 மீட்டர் முன்னால் போகும் மாதிரி என்று வைத்துக்கொள்வோம். மைதானத்தின் விளிம்பை 5 மீட்டர் உயரத்தில் தாண்டினால் இன்னும் 100 மீட்டர் போகும். தரையை ஒட்டி வந்ததும் இழுவை (காற்றின் எதிர்ப்பு) குறைந்து மேலும் மிதக்கும். அதனால் இறக்கையைக் கொஞ்சம் 'கெடுக்க' ஒரு வழி வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது ஸ்பாய்லர். இறக்கையின் மேற்பரப்பில் ஒரு நீண்ட பட்டை. அதன் முன்விளிம்பில் கீல், பின்விளிம்பு மேலே தூக்கும். ஆழமில்லாத ஒரு பள்ளமும் ஒரு சர்வோவும் (ரேடியோ கட்டளைக்கு அசையும் சிறு மோட்டார்) போதும்.

இரண்டாவது, ஷெம்ப்-ஹிர்த் வகை என்று பலரும் சொல்லும் ஏர்பிரேக். இதில் கீல் கிடையாது. இறக்கைக்குள் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு தகடு படுத்திருக்கும். சர்வோ இழுத்ததும் தகடு செங்குத்தாக எழுந்து நிற்கும். இதைப் பொருத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டத்தை வெட்டிவிடக் கூடாது என்பதால் பெட்டி அதற்குப் பின்னால்தான் வரும். குறுக்கே வரும் விலாக்களை வெட்டி, வெட்டிய இடத்தைச் சுற்றி ஒட்டுப்பலகையால் வலுவூட்ட வேண்டும். தகட்டின் தலையில் ஒரு மூடிப்பட்டை வரும். மூடியிருக்கும்போது அது இறக்கைத் தோலோடு ஒரே மட்டமாக உட்கார வேண்டும். விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படக் கூடாது. இன்னொன்று, இறக்கையின் மேற்பக்கத்தில் அழுத்தம் குறைவு. வேகமாகப் பறக்கும்போது அந்த உறிஞ்சல் தகட்டைத் தானாகவே மேலே இழுக்கப் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் பாதி எழுந்துவிட்டால் கிளைடர் அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பும். அதனால் மூடிய நிலையில் நெம்புகோல் நேர்கோட்டைச் சற்றே தாண்டிப் போய்ப் பூட்டிக்கொள்ளும்படி கம்பியின் நீளத்தைச் சரிசெய்வார்கள். அப்போது அந்த இழுப்பைச் சர்வோ தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தனி உறுப்பே இல்லை, ஒரு நிலை. இறக்கையின் பின்விளிம்பில் கீலில் மடங்கும் உறுப்புகளில், உட்பக்க ஃபிளாப்புகள் 60 பாகையும் அதற்கு மேலும் கீழே இறங்கும், கிளைடரைச் சாய்க்கப் பயன்படும் வெளிப்பக்க அய்லரான்கள் கொஞ்சம் மேலே ஏறும். ஆங்கிலத்தில் இதற்குக் காகம் பெயர், சிலர் பட்டாம்பூச்சி என்பார்கள். நமக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. எது மேலே, எது கீழே என்பதை அந்தப் பூச்சியும் சொல்லாது, பறவையும் சொல்லாது.

இப்போது பெயருக்கு வருகிறேன். கட்டுகிறவர் கைக்குத் தெரியும் வேறுபாட்டை வைத்தே பிரிக்கலாம். கீலில் மடங்குவது மடல். பெட்டியிலிருந்து எழுவது தகடு.

அய்லரானுக்குச் 'சாய்மடல்' என்று இந்த இழையிலேயே முன்பு வந்தது. நல்ல சொல், அப்படியே வைத்துக்கொள்வோம். ஃபிளாப்புக்குத் 'தாழ்மடல்' வேண்டாம். வேகமாகப் பறக்கும்போது அதை ஓரிரு பாகை மேலேயும் ஏற்றுவோம், அப்போது பெயரே பொய்யாகிவிடும். உடலை ஒட்டி உட்பக்கம் இருப்பதால் 'உள்மடல்' போதும். (இது மடலாடற்குழு. ஆகவே இந்த மடலில் மடல் என்று வருவதெல்லாம் இறக்கை மடல்தான் என்று ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.)

ஸ்பாய்லருக்குத் 'தூக்கக்குலைப்பி' என்று வந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தேன். தூக்குவிசையைக் குலைப்பது என்ற எண்ணம் சரிதான், ஆனால் கேட்பவருக்கு நள்ளிரவில் குரைக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். 'குலைமடல்' என்று சுருக்கிப் பார்த்தேன், வாழைத்தோப்புக்குள் போய்விட்டது. கடைசியில் 'தணிமடல்' என்பதில் நின்றேன். தூக்குவிசையைத் தணிக்கும் மடல். கீல் உண்டு என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஏர்பிரேக்குக்கு என் பரிந்துரை 'நிமிர்தகடு'. அம்மா ஒருவர் சொன்ன 'எழுதகடு'வும் இதே எண்ணம்தான். ஆனால் படிக்கும்போது கண் 'எழுத' என்று பிரித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நிமிர்தகடு வினைத்தொகை. சுடுகாடு, ஊறுகாய் போல நடுவில் வல்லினம் மிகாது. 'நிமிர்த்தகடு' என்று எழுதிவிட வேண்டாம். தகடு என்றால் உலோகம் மட்டும்தானே என்று கேட்கலாம். மாதிரிகளில் வருபவை பெரும்பாலும் அலுமினியம்தான். கண்ணாடியிழையில் செய்தாலும் மெல்லிய தட்டை என்ற பொருளில் தகடு பொருந்தும்.

மூன்றாவதற்கு 'எதிர்மடல் நிலை'. உள்மடலும் சாய்மடலும் எதிரெதிராகப் போவதைச் சொல்லிவிடுகிறது. 'நிலை' என்று சேர்த்தால், இது கடையில் கேட்டு வாங்கும் உறுப்பு இல்லை, கையில் பிடிக்கும் ரேடியோ கட்டுப்பாட்டுப் பெட்டியில் கலந்து அமைப்பது என்பதும் புரியும்.

சுக்கானும் கீலில்தானே திரும்புகிறது, அதையும் மடல் ஆக்குவதா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம். கப்பலிலிருந்து வந்து நிலைத்துவிட்ட சொல், அதில் கைவைப்பானேன். சர்வோ, எபாக்சி (பசை), பால்சா (லேசான மரம்) எல்லாம் அப்படியே இருக்கட்டும். இறக்கை இணைப்புத்தண்டு, இழுகயிற்றை விடுவிக்கும் ஊசி இவற்றுக்குத் தனி இழை தொடங்கலாம், அவற்றில் பெரிய தகராறு இருக்காது.

சொல் வாயில் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். எட்ஜ்டிஎக்ஸ் போன்ற மென்பொருள் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் நம் குரலையே பதிவுசெய்து ஏற்றலாம். சுவிட்சைத் தட்டினால் அது பேசும். தரையிறக்கும்போது கண் கிளைடரை விட்டு நகராது, காது மட்டும்தான் மிச்சம். அந்த நேரத்தில் 'தகடு' என்றாலே போதும், 'எதிர்மடல்' என்பதோடு குழம்பாது. பக்கத்தில் நிற்பவர் "தகடு, தகடு!" என்று கத்தவும் வசதி. "காற்றுத்தடுப்பான்!" என்று கத்தி முடிப்பதற்குள் கிளைடர் வேலிக்கு அப்பால் போயிருக்கும்.

சரி, பட்டியலாகப் பார்த்தால் எல்லாச் சொல்லும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு கையேட்டுப் பத்தியில் போட்டுப் பார்ப்போம். எங்கே தடுக்கிறது என்று நண்பர்கள் சொல்லுங்கள்:

"நிமிர்தகட்டுப் பெட்டியை ஒட்டுவதற்கு முன் தகட்டைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எபாக்சி வழிந்து உள்ளே போனால் தகடு சிக்கிக்கொள்ளும். இரு பக்கத் தகடுகளும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஒரே உயரத்துக்கு வர வேண்டும். மூடியதும் பூட்டு விழுகிறதா என்று மூடிப்பட்டையை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்மடல் உள்ள மாதிரியானால் எதிர்மடல் நிலையைத் தனிச் சுவிட்சில் வையுங்கள். அந்த நிலையில் சாய்மடல் ஏற்கெனவே மேலே நிற்பதால் சாய்வுக் கட்டுப்பாடு மந்தமாகும். மூக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதை நல்ல உயரத்தில் சோதித்துவிட்டு, அதற்கேற்ப உயர்த்தியின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் உறுப்பு) ஈடுகட்டலைக் கலந்துகொள்ளுங்கள்."