ஆவியாகாமல் எப்படிக் குளிரும்? வகுப்பில் காட்ட ஒரு வழி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். விண்வெளித் தொலைநோக்கிகளின் உணரிகளை ஏன் தனிப்பூச்சியத்துக்கு (0 கெல்வின், அதாவது இயலக்கூடிய ஆகக் குறைந்த வெப்பநிலைக்கு) அருகே குளிர்விக்கிறார்கள் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். சூடான உணரியில் அணுக்களின் அசைவே இரைச்சலாகி, வந்து விழும் நுண்ணிய வெப்பத்தை மூழ்கடித்துவிடும் என்பதுவரை விளக்கிவிட்டேன். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

2023இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் செய்மதியின் எக்ஸ் கதிர் உணரி 0.05 கெல்வினில் இயங்குகிறது. காந்தப்புலத்தில் நுண்காந்தங்கள் ஒழுங்குபட்ட ஒருவகை உப்பு, புலம் குறையும்போது குளிர்வதே அதன் உத்தி. இதற்கு றப்பர் பட்டியை இழுத்துப் பிடித்து, சற்றுப் பொறுத்துத் தளரவிட்டு உதட்டில் வைக்கச் சொன்னேன். சில்லென்றதும் வகுப்பே சிரித்தது.

ஆனால் 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்வெளித் தொலைநோக்கியின் உணரிகளை 0.1 கெல்வினுக்குக் கொண்டுசென்ற ஈலியம்-3, ஈலியம்-4 (ஈலியத்தின் இரு சமதானிகள்) கலவைக் குளிரூட்டியை எப்படிக் காட்டுவது? ஆய்வகக் கருவிகளில் இக்கலவை சுமார் 0.87 கெல்வினுக்குக் கீழ் இரு படைகளாகப் பிரிந்து, மேற்படையின் ஈலியம்-3 கீழ்ப்படைக்குள் கடக்கும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஈரத்துணி சுற்றிய மண்பானையை உவமை சொன்னேன், "ஆவியாகாமல் எப்படிக் குளிரும், சேர்?" என்று மடக்கிவிட்டார்கள்.

வயலுக்கு வாங்கிய யூரியாவில் இரண்டு பிடியை நீரில் கரைத்தால் போத்தலின் வெளிப்புறம் வியர்க்குமளவுக்குக் குளிர்கிறது. இது பொருத்தமான உவமையா, பிழையாக வழிநடத்துமா? இத்தகைய குளிரூட்டியோடு வேலை செய்தவர்கள் இங்கிருந்தால், எம் பிள்ளைகளுடன் அரை மணி நேரம் காணொளியில் தமிழில் பேச முடியுமா?