புதுப்பிப்பு: 11 கேவி பேனலில் ராத்திரி சத்தம், காரணம் கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எண்ணூர் பக்கம் எங்கள் யூனிட்டில் 11 கேவி (11,000 வோல்ட்) மின் பேனலில் ராத்திரியானால் உஸ்ஸென்று சத்தம், கூடவே ஓசோன் வாடை, ஆனால் 5 கேவி மெக்கரில் (இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் கருவி) மதிப்பு நன்றாகவே வருகிறது என்று கேட்டிருந்தேன்.

டிரான்ஸ்பார்மர் எண்ணெயைச் சோதித்தோம், குறையில்லை. "மெக்கர் பார்ஷியல் டிஸ்சார்ஜைக் (இன்சுலேஷனில் அங்கங்கே நடக்கும் சிறு மின்பொறி) காட்டாது, கேபிள் பாக்ஸைத் (கேபிள் பேனலில் சேரும் பெட்டி) திறங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. சப்ளையை நிறுத்தி எர்த் செய்து திறந்தால், கேபிளின் மஞ்சள் பேஸ் கோரும் நீல பேஸ் கோரும் (உள்ளே தனித்தனியாக வரும் மின்கம்பிகள்) டெர்மினேஷனுக்குக் (கேபிள் முனையின் இன்சுலேஷன் அமைப்பு) கீழே உரசிக்கொண்டிருந்த இடத்தில் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி; துணியால் துடைத்ததும் அடியில் வேர் வேராகக் கருகிய கோடுகள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஃபிளாஷ்ஓவர்தான், அதாவது இன்சுலேஷனைத் தாண்டி மின்சாரம் பெரிதாகப் பாய்ந்திருக்கும்.

இரண்டு டெர்மினேஷனையும் புதிதாகப் போட்டு, கோர்களுக்கு நடுவே போதிய இடைவெளி விட்டோம். எதிர்பாராதது ஒன்று: பேனலுக்குள் ஈரம் படியாமல் சூடாக வைக்கும் ஹீட்டர் எரிந்துபோயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. உப்புக்காற்றின் ஈரம் ராத்திரியில் உள்ளே படிந்ததால்தான் பகலில் சத்தமே இல்லை. ஹீட்டரையும் மாற்றியாச்சு. அப்புறம் அல்ட்ராசோனிக் மீட்டர் (காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி) வைத்து மூன்று ராத்திரி கேட்டோம், சத்தம் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.