பச்சை குத்தியவர்கள், குத்திக்கொண்டவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து:

என் இடது முன்கையில் ‘என்றும் மறவேன் அப்பா’ என்று இருக்கிறது. முதல் ஒன்றரை மாதம் அது ‘மரவேன்’ என்றுதான் இருந்தது. போனில் நானே தட்டி அனுப்பிய எழுத்து அது. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே கடைக்குப் போய்விட்டேன், கண் சரியாகப் பார்க்கவில்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர் என் கையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறையூர் கடைக்கு அழுதுகொண்டே போன் செய்தேன். “நீதானே அனுப்பின” என்று அந்த அண்ணா ஒரு வார்த்தை சொல்லவில்லை. “புண் நல்லா ஆறட்டும், ஆறு வாரம் கழிச்சு வா. ர-வை ற ஆக்கிடலாம்” என்றார். ஆக்கியும் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அவரைப் பற்றி எங்காவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

உறையூரிலிருந்து:

தம்பி, அந்தக் கடைக்காரன் நான்தான். தப்பில் பாதி என்னுடையது. எழுத்து வேலை செய்த வீட்டில் பிறந்துவிட்டு ர-வையும் ற-வையும் கவனிக்காமல் விட்டேன். உன் கைக்குப் பிறகுதான் கடையில் ஒரு வழக்கம் வந்தது. எழுத்து கேட்டு வருகிறவர் அதைத் தன் கையால் பேப்பரில் எழுத வேண்டும். குத்துவதற்கு முன் தோலில் மாதிரியைப் பதிக்கும் தாளை, அதாவது ஸ்டென்சிலை, ஒட்டியபின் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படிக்க வேண்டும். கூட வந்தவரும் படிக்க வேண்டும். அப்புறம்தான் மெஷினைத் தொடுவேன்.

எங்கே கற்றேன் என்று நிறையப் பேர் கேட்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதியவர். சாக்பொடி தடவிய நூலின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையைப் பிடித்து அவர் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். ஃப்ளெக்ஸ் வந்தது. அஞ்சு நாள் எழுதும் போர்டு அரை மணி நேரத்தில் அச்சாகி வந்தது, அப்பாவைத் தேடி வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பிளஸ் டூ முடித்த நான் ஒரு ஃப்ளெக்ஸ் கடையிலேயே டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

2013-இல் ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். மின்சுருளால் (coil) ஊசியை இயக்கும் இரண்டு மெஷின், ஒரு பவர் சப்ளை, பெயர் தெரியாத கம்பெனியின் மை. ஆரஞ்சுத் தோலில் ஆரம்பித்து வாழைப்பழத்துக்குப் போனேன். வாழைப்பழம் நல்ல வாத்தியார், கை கொஞ்சம் அழுந்தினாலும் கிழிந்துவிடும். அடுத்து கறிக்கடையில் பன்றித்தோல். அம்மா அதை ஃப்ரிட்ஜில் வைக்க விடவில்லை, அது நியாயம்தான். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொண்டேன்.

மனிதத் தோல் என்று முதலில் தொட்டது என் இடது தொடை. தோலின் மேலடுக்கு நாளும் உதிர்ந்துகொண்டே இருப்பது, மை அதோடு நின்றால் ஒரு மாதத்தில் போய்விடும். அதற்கு அடுத்த அடுக்கில், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறங்க வேண்டும். அதையும் தாண்டினால் கொழுப்பில் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலமாக நிழல் கட்டும். நான் தாண்டினேன். அன்று தொடையில் போட்ட மூன்று கோடும் இன்னும் அப்படியே இருக்கின்றன. கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு முதல் நாளே காட்டிவிடுவேன்.

சுவர் அசையாது, தோல் அசையும். எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததால் இந்தச் சின்ன விஷயம் புரிய ஒரு வருஷம் ஆனது. கோடு நடுங்கும்போதெல்லாம் மெஷினையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒருவர் டாட்டூ போடும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் அந்த ஆளின் இன்னொரு கை கண்ணில் பட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலை இரண்டு பக்கமும் இழுக்க, மெஷின் பிடித்த கையின் ஓரம் மூன்றாவது பக்கமாக இழுத்தது. அப்பாவோடு நூல் பிடித்தது ஞாபகம் வந்தது. நூல் தொய்ந்தால் கோடு விழாது. அன்றைக்கு ராத்திரி பன்றித்தோலில் போட்ட வட்டம் முதல்முறையாக வட்டமாக வந்தது.

நடுவில் எட்டு மாதம் வேறொருவர் கடையில் வேலை பார்த்தேன். ஊர், பெயர் வேண்டாம். வேகம் அங்கேதான் வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒருவருக்கு ஊற்றிய மையின் மிச்சத்தில் அடுத்தவருக்கு ஊசி முக்குவார்கள். ரத்தம் தொட்ட ஊசி மையைத் தொட்டால் மையும் ரத்தம்தான் என்று சொன்னேன். மை விலை தெரியுமா என்றார்கள். அந்த வாரமே, ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி முதல் தவணை போட்டுக்கொண்டேன். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். மூன்றாவது போடும்போது நான் அங்கே இல்லை.

2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, சொந்தக் கடை திறந்தேன். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ கடன் 50,000, அம்மாவின் வளையல், ஒரு பல் டாக்டர் விற்ற பழைய நாற்காலி. முதல் மாதம் குத்தியதில் பாதிக்கு மேல் காளைகள். திமில் வரைந்து வரைந்து கை தானாகப் போகும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஊசி எல்லாம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜ், வருகிறவர் கண் முன்னால் பிரிப்பேன். முடிந்ததும் அது, ஊசியால் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போகும். திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் பிடி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில், 121 டிகிரியில், அழுத்தத்தில் இருபது நிமிஷம். வெந்நீரில் போட்டால் போதாதா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். போதாது. திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியில் வரிசையாகக் குத்துகிறார்கள், பிள்ளைகளும் கை நீட்டுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

2024 டிசம்பரில் எங்கள் ஊரில் நாக்கைப் பிளந்துவிட்டதாக ஒரு டாட்டூ கடைக்காரர் கைதானார். மறு வாரம் என் கடைக்கு வந்த ஒரு அம்மா, மகளைப் படியிலேயே நிறுத்திவிட்டு முதலில் தான் மட்டும் ஏறி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கத்தி பிடிப்பது டாக்டர் வேலை, அதை யாரும் தொடக்கூடாது. அந்த அம்மாவுக்கு எல்லா டப்பாவையும் திறந்து காட்டினேன்.

பதினெட்டு ஆகாதவர்களைத் திருப்பி அனுப்புவேன். ராணுவத்துக்கோ போலீசுக்கோ தயாராகிற பையன் என்றால், உடம்பில் எங்கே டாட்டூ இருக்கலாம் என்ற விதியைப் படித்துவிட்டு வரச் சொல்வேன். காதலி பெயர் என்றால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வேன். பெயரை மறைக்க வேறு படம் போட்டால் அது பழையதைவிட ரெண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் கருப்பாகவும் வரும். அதுவும் என் கையால்தான் ஆக வேண்டியிருக்கும்.

மதுரையிலிருந்து:

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன், அதனால் ஒன்று மட்டும். டாட்டூ போட்டபின் ஓராண்டு ரத்த தானம் செய்ய முடியாது. கிருமி புகுந்திருந்தாலும் சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாமல் போகலாம், அதற்காகத்தான் இந்த இடைவெளி. சென்ற மாதம் ஒரு தம்பி சட்டைக் கையை இறக்கிவிட்டு மறைத்தபடி வந்தார். நண்பனின் அப்பாவுக்கு ஆபரேஷனாம். நல்ல மனசுதான். ஆனாலும் உட்காரவைத்து விளக்கித் திருப்பி அனுப்பினேன். உறையூர் அண்ணன் இதை வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவி.

பெரம்பலூர் பக்கத்திலிருந்து:

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எண்பத்து மூன்று வயது. வலது முன்கையில் கோலம், புறங்கையில் தேள். சின்ன வயதில் “பச்சை குத்தலையோ பச்சை” என்று கூவிக்கொண்டு வந்த குறத்தி குத்தியதாம். மஞ்சளும் அகத்திக்கீரையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கில் எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து மை செய்ததாகச் சொல்கிறார். கூலி ஒரு படி அரிசி, ஒரு பழைய புடவை. வலி தெரியாமல் இருக்க அந்த அம்மா பாடிக்கொண்டே குத்தினாராம். “செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்டி” என்று கையைத் தடவிக்கொண்டே இருப்பார்.

அதே கோலம் என் கையிலும் வேண்டும். அண்ணா, போட்டோ அனுப்பினால் போதுமா?

உறையூரிலிருந்து:

மதுரை சார், சொல்கிறேன். நாளைக்கே சுவரில் எழுதி வைக்கிறேன், என் கையெழுத்திலேயே.

தங்கச்சி, போட்டோ மட்டும் போதாது. இத்தனை வருஷத்தில் மை தோலுக்குள் மெல்லப் பரவியிருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றாகி, புள்ளிகள் மறைந்திருக்கும். கரி கருப்புதான், தோல் வழியாகப் பார்ப்பதால் பச்சையாகத் தெரிகிறது. இப்போது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எடுத்தால் உன் கையில் கலங்கிய கோலம்தான் விழும்.

அதனால் ஒரு வேலை செய். அப்பாயிக்கு முடிந்தால் அந்தக் கோலத்தை அரிசி மாவில் தரையில் ஒருமுறை போடச் சொல். எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியில் தொடங்குகிறார், எங்கே கையை எடுக்கிறார் என்று வீடியோ எடு. சோப்புப் போட்டுத் தேய்க்காமல், வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் கையையும் எடு. இரண்டையும் சேர்த்து வரைந்து காட்டுகிறேன். அப்பாயி பார்த்துச் சரி என்ற பிறகு ஸ்டென்சில் போடலாம்.

குத்துகிற அன்றைக்கு அவரையும் கூட்டி வா. படி பதினெட்டு, செங்குத்தாக இருக்கும். ஏற முடியாவிட்டால் கீழே டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணாடித் தாளில் அவர் கையிலிருந்தே நகல் எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை வா. அன்றைக்கு வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.