வருகைக்கு ஆயத்தமா? சனிக்கிழமைக் கூலி கொடுத்தாயிற்றா?

செல்லூர்க் கணக்கர்:

கடைசிக் காலத் தீர்க்கதரிசனம் என்று ஆரம்பித்தால் நம் சபைகளில் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிப்படுத்தின விசேஷத்தின் பத்துக் கொம்பு எந்தெந்த நாடு, 666 எந்த அட்டையில் ஒளிந்திருக்கிறது, அந்திக்கிறிஸ்து பிறந்துவிட்டானா இல்லையா. எனக்கு இதெல்லாம் சலித்துப்போய் வெகுகாலம் ஆகிறது. நான் கேட்பது வேறு. கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றிய ஒரு வசனம், உங்கள் கண்முன்னே, யாரையாவது ஏதாவது செய்ய வைத்ததா? அதைச் சொல்லுங்கள். கனவு, தரிசனம், நிலா சிவந்தது எல்லாம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

கேட்டவன் என்ற முறையில் நானே தொடங்குகிறேன்.

நைட்டி, உள்பாவாடை தைக்கும் ஒரு கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி பக்தியுள்ளவர். மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்தக் கூடத்திலேயே வருகை ஆயத்தக் கூட்டம் வைத்தார். தைத்த நைட்டிகள் தொங்கும் கம்பியில் அன்று ஒரு பெரிய துணிப்படம் தொங்கியது. இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், வலது ஓரத்தில் புதிய எருசலேம், நடுவில் ஏழு தலை வலுசர்ப்பம். நின்று சுழலும் மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வலுசர்ப்பத்தின் வயிறு உப்பி உப்பி அடங்கியது. பின்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போதகர் நன்றாகவே பேசினார். முதலாளி முன்வரிசையில் அமர்ந்து கண்ணீர்விட்டார். அது நடிப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் பேரேடு என் கையில் அல்லவா இருந்தது! உருப்படிக் கணக்கில் வேலை செய்யும் பெண்களுக்குச் சனிக்கிழமை தோறும் கூலி. அது வாரக்கணக்கில் பாக்கி விழுந்து கிடந்தது. மதுரை விளக்குத்தூண் துணிக்கடைகளிலிருந்து பணம் வரவில்லை என்பது காரணம். அதுவும் பொய்யில்லை. பந்தலுக்கும் மைக்குக்கும் பிரியாணிக்கும் மட்டும் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை, காஜா (பொத்தான் துளை) எடுக்கும் அக்கா ஒருவர் முதலாளியின் மேசைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய வேதாகமம்.

“அண்ணாச்சி, நேற்றுக் காட்டிய படத்தில் யாக்கோபு நிருபம் எந்த இடத்தில் வருகிறது?”

“யாக்கோபிலே வருகையைப் பற்றி என்னம்மா இருக்கிறது?”

அக்கா ஐந்தாம் அதிகாரத்தை விரித்து விரலை வைத்துக் கொடுத்தார். முதலாளி சத்தமாகவே வாசித்தார். “கடைசிநாட்களிலே பொக்கிஷத்தைச் சேர்த்தீர்கள்” என்பது வரை குரல் கம்பீரமாக இருந்தது. அடுத்த வசனம், “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று வருகிறது. பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டியது வரட்டும் அம்மா. நான் என்ன செய்ய?”

“கர்த்தரும் வரவேண்டியவர்தானே அண்ணாச்சி. அவர் முந்திக்கொண்டால் நான் எந்தப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்பது?”

ஓவர்லாக் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முதலாளி தொலைபேசியை எடுத்து ஒரு கடைக்காரரிடம் முன்பணம் கேட்டார். சாயங்காலத்துக்குள் பாதிப் பாக்கி தீர்ந்தது, சனிக்கிழமை மீதியும் தீர்ந்தது. அதிலிருந்து வாரக்கூலி தவறவில்லை என்று எழுத ஆசைதான். தீபாவளிச் சமயத்தில் மறுபடி இழுத்தார். அக்கா எதுவும் பேசவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். பணம் வந்தது.

அந்த அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். நான்காம் வசனத்தில் கூலி, ஏழாம் வசனத்தில் “கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்”, ஒன்பதாம் வசனத்தில் நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார். எல்லாம் ஒரே மூச்சில். நான் பார்த்த எந்தத் துணிப்படத்திலும் இந்த அதிகாரத்துக்கு இடம் ஒதுக்கியதில்லை.

உசிலம்பட்டிப் பக்கம், மல்லிகை விவசாயி:

ஏழாம் வசனத்தில் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். மீதிப் பாதி எங்களுடையது. “பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடையவேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும்” காத்திருக்கிறான் என்று இருக்கிறது.

மல்லிகைச் செடியை நவம்பர் கடைசியில் கவாத்து செய்வோம். மார்ச்சில் மொட்டுப் பிடிக்கும். 2020இல் சரியாக அந்த நேரத்தில் ஊரடங்கு வந்தது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்க ஆள் இல்லை. மொட்டு செடியிலேயே மலர்ந்து, பழுத்து, உதிர்ந்தது. தோட்டத்துக்குள் நுழைந்தால் வாசனையே வயிற்றைப் பிசையும். எங்கள் ஜெபக்குழுவில் சிலர், “இதுதான் வேதனைகளுக்கு ஆரம்பம், இனிமேல் களை எடுத்து என்ன, உரம் போட்டு என்ன” என்று பேசத் தொடங்கினார்கள். அப்பா யாரோடும் வாதம் செய்யவில்லை. விடியற்காலையில் மண்வெட்டியோடு போய்ப் பாத்தியைச் சரிசெய்துவிட்டு வருவார். கேட்டால், “எரேமியா நிலம் வாங்கினான்” என்பார். அவ்வளவுதான் அவருடைய பிரசங்கம்.

பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, தீர்க்கதரிசியோ காவலில் இருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தான். அவர் உட்கார்ந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கிறார். சந்தையில் விலையில்லாத பூவுக்குத் தண்ணீர் பாய்ச்சியவரின் மகன் நான். அந்த அதிகாரத்தை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

கோரிப்பாளையம் வாசகி:

கணக்கர் பயந்த கதை வேண்டாம் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, அம்மா இல்லை, அடுப்பில் உலை கொதிக்கிறது. கிறிஸ்து யாரும் அறியாமல் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று தெருவில் நின்று கதறினேன். அம்மா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம்: “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்.”

அரசரடி இறையியல் மாணவர்:

வாசகியைப் பயமுறுத்திய இரகசிய வருகைப் போதனை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர் வழியாகப் பரவத் தொடங்கியது. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. தேதி குறித்தவர்கள் கதை தனி. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதியை எதிர்பார்த்தார்கள். சிலர் அறுவடையை வயலிலேயே விட்டுவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில், திருவிதாங்கூரில், ஜஸ்டஸ் ஜோசப் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த ஆண்டும் மற்ற ஆண்டுகளைப் போலவே கழிந்தது.

பவுல் இதைத் தெசலோனிக்கேயிலேயே பார்த்துவிட்டார். வருகை வந்துவிட்டதாகக் கலங்கிய அந்தச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில்தான், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். இயேசு மத்தேயு 24இல் யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி என்று தொடங்குகிறார். அந்தப் பேச்சு 25ஆம் அதிகாரத்தில் எங்கே போய் முடிகிறது? பசித்தவனுக்குச் சாப்பாடு, சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போவது. மத்திய சிறை இங்கிருந்து நடக்கிற தூரம். அறிகுறிகளைப் பற்றி எழுத வருகிறவர்களில் அங்கே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

திருமங்கலம், ஓய்வுபெற்ற போதகர்:

தம்பி, நீங்கள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க நான் வரவில்லை. ஆனால் இந்த வேகத்தில் போனால் வருகை என்பதே கூலி, நியாயம், சிறைச் சந்திப்பு என்று சுருங்கிவிடும். அதற்கெல்லாம் ஆண்டவர் வரவேண்டிய அவசியமில்லை, தொழிலாளர் அலுவலகமே போதும்.

ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மகனைக் குழியில் வைத்த தாய் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஐயா, எழுப்புவார் என்று வாசித்தீர்களே, நிஜமாகவா, என் மனசைத் தேற்றவா?” அந்தக் கேள்விக்குக் கணக்கரின் பேரேட்டில் பதில் இல்லை. “நிஜமாக” என்றேன். நிஜமில்லையென்றால் நான் அந்த அங்கியை அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும். பவுலும் 1 கொரிந்தியர் 15இல் கடைசி எக்காளத்தை முழங்கவைத்த பிறகுதான், “கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது” என்று முடிக்கிறார். உயிர்த்தெழுதலை எடுத்துவிட்டால் அந்தப் பிரயாசத்துக்கு என்ன கணக்கு?

செல்லூர்க் கணக்கர்:

ஐயா, நீங்கள் கையெழுத்திடச் சொல்லும் இடத்தில் நான் கையெழுத்திடுகிறேன். காஜா அக்காவும் இடுவார். கர்த்தர் வரமாட்டார் என்று நினைக்கிறவர் முதலாளியிடம் அப்படிப் பேச முடியாது. அவருக்குப் பின்னால் சங்கம் இல்லை, வக்கீல் இல்லை. வருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற துணிவு ஒன்றுதான் இருந்தது. தொழிலாளர் அலுவலகத்தைப் பற்றி மட்டும் வேறு கருத்து வைத்திருக்கிறேன். அங்கே வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனையூர் வாசகி:

எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள், என்னுடையது சின்னது. ஊரிலிருந்து வந்து விடியற்காலை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோ ஒன்றின் முதுகில் சிவப்பு எழுத்தில் “இதோ, சீக்கிரமாய் வருகிறேன்” என்று எழுதியிருந்தது. வேகமாகப் போவார் போலிருக்கிறது என்று நினைத்து அவரிடமே போனேன். வீட்டுக்கு அவர் கேட்ட கூலியில் பாதி வழி பஸ்ஸிலேயே திரும்பி ஊருக்குப் போய்விடலாம்.

“தம்பி, பின்னால் எழுதியிருக்கிறீர்களே, அந்த வசனத்தின் மீதியையும் எழுதக் கூடாதா?” என்றேன்.

“மீதி என்ன அக்கா?”

“அவனவனுடைய கிரியைகளின்படி அவனவனுக்கு நான் அளிக்கும் பலன் என்னோடேகூட வருகிறது.”

அவர் பின்னால் இறங்கிப் போய்த் தன் எழுத்தையே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

“இடம் பத்தாது அக்கா. முப்பது ரூபாய் குறைத்துக் கொடுங்கள், மிச்சத்தை அவர் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார்.