பத்து வயது மகளுக்கு ஒற்றைத் தலைவலி: மதுரையில் யாரிடம் காட்டலாம்?

நாங்கள் இருப்பது தேனி. சென்ற ஆண்டு பள்ளி திறந்த சமயத்தில் தொடங்கிய தலைவலி இப்போது வாரம் தவறாமல் வருகிறது. நெற்றி முழுவதும் விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறாள். பெயர்தான் ஒற்றைத் தலைவலி. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரு பக்கமும் வலிக்குமாம். முகம் வெளுத்து, வாந்தி எடுத்து, ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறாள். தூங்கி எழுந்ததும் ஒன்றுமே நடக்காதவள் போலத் தோசை கேட்கிறாள். அதனாலேயே பள்ளியில் "நடிக்கிறாள்" என்கிறார்கள். கேட்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பார்வையில் குறை இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. வலி தொடங்கியவுடன் பாராசிட்டமால் கொடுத்தால் ஓரளவு கேட்கிறது. தாமதித்தால் மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடுகிறது. தடுப்பு மருந்தாக ஃப்ளூனரிசின் கொடுத்தார்கள். வகுப்பில் தூங்கி வழிந்தாள், எடையும் ஏறியது, மருத்துவரே நிறுத்திவிட்டார். வீசிங் இருப்பதால் புரொப்ரனலால் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் கூடாது என்றார். சுக்குப் பற்று, திருநீறு எல்லாம் ஆயிற்று. தயவுசெய்து மீண்டும் அவற்றைச் சொல்ல வேண்டாம்.

குறித்து வைத்துப் பார்த்ததில், காலை உணவு தவறினாலும், வெயிலில் நின்றாலும், தூக்கம் கெட்டாலும் வருகிறது. என் அம்மாவுக்கும் இந்த வலி உண்டு.

சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. இரண்டும் தெரியும். ஆனால் இரவுப் பஸ் பயணமே அவளுக்கு வலியைக் கிளப்பிவிடுகிறது.

மதுரையில் உங்கள் பிள்ளையின் தலைவலிக்குப் பார்த்துப் பலன் கண்ட குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் யார்?