இந்தியர்களுக்கு எம்எஸ் வராதாம்

முதலில் வலது கால் மரத்தது. அமெரிக்கா வந்து ஆறாவது வருடம், வயது 31. டாக்டர் பி12 குறைவு என்றார், அப்புறம் வைட்டமின் டி, அப்புறம் மன அழுத்தம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸாக (எம்எஸ்) இருக்குமோ என்று நானே கேட்டேன். "இந்தியர்களுக்கு அது ரொம்ப அபூர்வம்" என்று சிரித்தார். ஒரு வருடம் கழித்து இடது கண்ணில் சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தது, கண்ணை அசைத்தாலே வலி. கண் டாக்டர்தான் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். மூளையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் தழும்புகள், எல்லாம் புதிதும் இல்லை. எம்எஸ்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்றும்போது பக்கத்து நாற்காலியில் வருபவர் ஒரு கறுப்பினப் பெண், கையில் ஊன்றுகோல். அவருக்குச் சர்க்கரை, பிபி, எடையைக் குறை என்றே ஐந்து வருடம் ஓடியிருக்கிறது. எம்எஸ் வெள்ளைக்காரர்களின் நோய் என்று எங்கேயோ படித்ததை டாக்டர்கள் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் 2013இல் வெளியான தெற்குக் கலிபோர்னியா ஆய்வில் கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட 47 சதவீதம் அதிக ஆபத்து, அதுவும் பெண்களிடம்தான் அந்த வித்தியாசம். ஆசியர்களுக்கு 80 சதவீதம் குறைவு. சரி, குறைவுதான், அதற்காக பூஜ்யமா?

எங்கள் இருவருக்கும் டிரிப்பில் ஏறுவது ஓக்ரெலிசுமாப் என்ற எம்எஸ் மருந்து. 2017இல் அனுமதி கிடைத்தபோது அதன் சோதனைகளில் கறுப்பினத்தவர் மிகச் சொற்பம். கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகளை மட்டும் சேர்த்து இந்த மருந்தைச் சோதிக்கும் சைம்ஸ் ஆய்வு தொடங்கியதே 2020இல்தான். அதைச் சொன்னபோது அவர், "அப்போ இவ்வளவு நாள் யாரிடம் சோதித்துப் பார்த்த மருந்தை எனக்குப் போட்டார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

---

அக்கா, எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். கணவருக்கு உடனே எம்எஸ் என்று சொல்லி இன்டர்ஃபெரான் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள், அட்டாக் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது, கடைசியில் இரண்டு கால்களும் வரவில்லை. வேறு நரம்பியல் டாக்டர் பார்த்து ஏக்யூபி4 என்ற ஆன்டிபாடி பரிசோதனை எழுதினார். பாசிட்டிவ். அது எம்எஸ்ஸே இல்லை, என்எம்ஓ (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா), கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய். நம்மவர்கள் உட்பட ஆசியர்களிடமும் கறுப்பினத்தவரிடமும் வெள்ளையரைவிட அதிகம் பார்க்கிற நோய், எம்எஸ்ஸின் சில மருந்துகள் அதை மோசமாக்கும். 2004லேயே கண்டுபிடித்த ஆன்டிபாடி அது, ஒரு குழாய் ரத்தம் போதும். உங்களுக்கு எடுத்தார்களா?

---

எடுத்தார்கள்மா, நெகட்டிவ். ஆனால் அதுவும் டாக்டரை மாற்றிய பிறகுதான். கணவர் இப்போது நடக்கிறாரா?

---

வாக்கர் பிடித்து, வீட்டுக்குள் மட்டும்.